புளி போட்டு விளக்க முடியாத பளபளப்பு

திருப்பதியிலிருந்து ஸ்ரீகாளஹஸ்திக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வேங்கடகிரிக்குச் சாலை பிரியும் இடம் ஏர்பேடு. மலையாள சுவாமிகள் 1926 இல் நிறுவிய வியாசாசிரமத்தால் அறியப்பட்டிருந்த ஊர் இது. 2015 இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமும் தம் நிலையான வளாகங்களை இவ்வட்டாரத்தில் அமைத்த பிறகு வேறொரு முகம் பெற்றுவிட்டது. 2022 இல் உருவான திருப்பதி மாவட்டத்தில் இன்று அடங்கும் இப்பகுதி, அதற்கு முன் சித்தூர் மாவட்டம். 1911 இல் சித்தூர் மாவட்டம் உருவாவதற்கு முன்போ காளத்தி வட்டாரமும், தெற்கே நூறு கிலோமீட்டர் அளவில் பாலாற்றங்கரையில் உள்ள இராணிப்பேட்டையும் ஒரே வடஆர்க்காடு மாவட்டம். இந்தப் பழைய உறவு கட்டுரையின் பிற்பகுதியில் வேறொரு வகையில் நினைவுக்கு வரும்.

அச்சாலையில் ஓடும் பழைய புல்லட் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முப்பது நாற்பது ஆண்டு பழகிய வண்டி. சக்கர விளிம்பிலும் கைப்பிடிக் குழாயிலும் புகைக்குழலிலும் குரோமியப் பூச்சு. பூச்சில் அங்கங்கே குண்டூசி முனையளவு துருப்புள்ளிகள். உரிமையாளர் வீட்டில் கைக்கெட்டும் பொருள்கள் எவையெனக் கேட்டால், பிராஸோ டப்பி ஒன்று இருக்கும். பாத்திரம் தேய்க்கும் பொடி இருக்கும். கம்பி நார் இருக்கும். குளியலறைத் தரைக்கு வாங்கிய ஆசிட் புட்டியும் இருக்கும். இவற்றில் எதைக் கையில் எடுப்பது என்பது அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் இந்த நான்கும் நான்கு வெவ்வேறு காலங்களின் உலோக அறிவைச் சுமந்துகொண்டு ஒரே அலமாரியில் நிற்பவை. அவற்றுள் பெரும்பாலானவை குரோமியத்துக்குப் பொருந்தாதவை. ஏன் பொருந்தவில்லை என்பதற்கான விடை வேதியியலில் பாதியும் வரலாற்றில் பாதியுமாக இருக்கிறது.

தமிழில் ‘விளக்குதல்’ என்னும் வினை பாத்திரத்தைத் துலக்குவதையும் பொருளைத் தெளிவாக்குவதையும் ஒருசேரக் குறிக்கிறது. ‘புளி போட்டு விளக்குவது’ என்ற வழக்கு, ஐயத்துக்கு இடமின்றி எடுத்துரைப்பதற்கு உவமையாக இன்றும் நிற்கிறது. உள்ளே ஒளி ஏற்கெனவே இருக்கிறது, மேலே படிந்த மாசை நீக்கினால் அது தானே வெளிப்படும் என்ற நம்பிக்கை அச்சொல்லுக்குள் இருக்கிறது. பித்தளை, செம்பு, வெண்கலம், வெள்ளி ஆகியவற்றைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை முற்றிலும் சரி. அவை மேலிருந்து அடிவரை ஒரே உலோகம். எவ்வளவு தேய்த்தாலும் அடியில் வருவதும் அதுவே.

இந்தப் புழங்கறிவு மேலோட்டமானதன்று. செம்பின் மீது படியும் கறுப்பு பெரும்பாலும் ஆக்சைடு. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடும். வெள்ளியின் கறுப்பு அப்படிப்பட்டதன்று. அது சல்பைடு, புளிக்கு எளிதில் மசியாது. ஆகவேதான் தமிழகத்து வீடுகளில் பித்தளைக்குப் புளியும் வெள்ளிக்குத் திருநீறும் என்ற பாகுபாடு நிலவுகிறது. திருநீற்றின் நுண்துகள் வெள்ளியைக் கீறாமல் அதன் மேல்படிவை மட்டும் உராய்ந்து எடுக்கிறது. பித்தளையைப் புளியில் நெடுநேரம் ஊறவிட்டால் துத்தநாகம் முதலில் கரைந்து, பரப்பில் செம்பு மட்டும் எஞ்சிச் சிவந்து தோன்றும் என்பதையும் வீட்டார் அறிந்திருந்தனர். புளி தடவிச் சிறிது நேரத்தில் கழுவிவிட்டு, இறுதியில் உலர்ந்த சாம்பலாலோ செங்கல் பொடியாலோ ஒருமுறை துடைப்பது அதனால்தான். ‘ஆக்சைடு’, ‘சல்பைடு’ என்ற சொற்கள் பிறப்பதற்கு முன்பே அவற்றுக்கிடையிலான வேறுபாடு இவ்வாறு அடுப்படியில் நிலைபெற்றிருந்தது.

ஏர்பேட்டை அடுத்துள்ள காளத்தியின் ஆற்றுக்குத் தமிழில் பொன்முகலி என்று பெயர், வடமொழியில் சுவர்ணமுகி. திருமலையிலோ, சாமவை என்னும் காடவன் பெருந்தேவி அளித்த வெள்ளித் திருமேனி இருக்கிறது. பல்லவ குலத்தைச் சேர்ந்த இவ்வரசியின் கொடையைக் கூறும் தமிழ்க் கல்வெட்டைப் பத்தாம் நூற்றாண்டினதாகக் கொள்வது இன்று பெருவழக்கு. போக சீனிவாசர் எனப்படும் அத்திருமேனிக்கே மூலவருக்குப் பதிலாக நாள்தோறும் திருமஞ்சனம் நடைபெறுகிறது. ஆயிரம் ஆண்டுகளாக நீராட்டப்படும் ஓர் உலோக வடிவம் இருக்கும் வட்டாரத்தில், உலோகத்தைத் தூய்மை செய்வது குறித்த அறிவு எவ்வளவு பழமையாக இருக்கும் என்பதைத் தனியே நிறுவ வேண்டியதில்லை.

விளக்குதலுக்கும் ஒரு விலை உண்டு. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பலவற்றில் மூக்கும் உதடும் மழுங்கியிருக்கும். கண்கோடுகள் பின்னாளில் புதிதாகக் கீறப்பட்டவையும் உண்டு. திருமுழுக்கும் துலக்கலும் நூற்றாண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்ட உலோகம் அது. மாறாக, மண்ணில் புதைந்து கிடந்தவை பச்சைக் களிம்பு ஏறினாலும் வார்ப்பின் கூர்மையை இழக்காமல் வெளிவந்திருக்கின்றன. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930 இல் வேதியியல் பாதுகாப்புக்கூடம் தொடங்கப்பட்டபோது அதன் முன் நின்ற சிக்கல் இதுவே: களிம்பை நீக்கவேண்டும், ஆனால் தேய்க்கக்கூடாது. அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன், மின்னாற்பகுப்பு முறையைச் செப்புத் திருமேனிகளைச் சீர்செய்யப் பயன்படுத்தினார். மின்சாரத்தால் உலோகத்தின் மேல் உலோகம் பூசும் தொழில் மேலைநாடுகளில் பெருகிக்கொண்டிருந்த அதே காலத்தில், சென்னையில் அதே மின்சாரம் பழைய உலோகத்தின் மாசைக் கழற்றப் பயன்பட்டது. இவ்விரண்டும் ஒரே அறிவியலின் இரு திசைகள். பின்னதைப் பற்றிய வரலாறு தமிழில் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. முன்னதைப் பற்றி ஏறத்தாழ ஒன்றுமே இல்லை.

பூச்சு என்பதே தமிழ் வீட்டுக்குப் புதிதா என்றால், இல்லை. ஈயம் பூசுதல் இருந்தது. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்போ ரசமோ வைத்தால் செம்பு கரைந்து களிம்பேறும், உண்டால் குமட்டும். அதனால் உட்புறத்தில் வெள்ளீயம் பூசுவர். பாத்திரத்தை உலையில் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகிய ஈயத்தைத் துணியால் தேய்த்துப் பரப்பும் அக்கைவினைஞர் தெருத்தெருவாக வந்து கொண்டிருந்த காலம் பலரது நினைவில் இன்னும் இருக்கிறது. ஈயம் பூசிய பாத்திரத்தை எப்படித் துலக்குவது என்பதற்கு வீட்டில் ஓர் எழுதாத விதி இருந்தது. வெளிப்புறத்தில் புளி போட்டு அழுத்தித் தேய்க்கலாம், உட்புறத்தைத் தேய்க்கக்கூடாது. தேய்த்தால் பூச்சுப் போய்விடும், மறுபடியும் ஈயக்காரர் வரும்வரை அதில் புளி சேர்த்துச் சமைக்க முடியாது. ஒரே பாத்திரத்தின் இருபுறங்களுக்கும் இருவேறு ஒழுக்கம்! குரோமியத்துக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டாவது ஒழுக்கமே. ஆனால் குரோமியம் வந்து சேர்ந்த நேரத்தில் அந்த விதி வழக்கொழிந்து கொண்டிருந்தது. அந்த இடைவெளியில்தான் பழைய வண்டிகளின் பளபளப்பு போனது என்று சொல்வது மிகையாகாது.

அலமாரியில் இருந்த முதல் டப்பிக்கு வரலாம். பிராஸோ, இங்கிலாந்தின் ஹல் நகரத்து ரெக்கிட் நிறுவனத்தின் சரக்கு. 1905 இல் சந்தைக்கு வந்தது. பெயரிலேயே பித்தளை இருக்கிறது. பேரரசின் படைமுகாம், காவல்துறை, இரயில்வே, கப்பல், நீதிமன்றச் சேவகரின் வில்லை என்று பித்தளை மின்னவேண்டிய இடங்களெல்லாம் அதன் சந்தையாயின. பொத்தானும் இடைவார்க் கொளுவியும் மின்னுகின்றனவா என்று பார்ப்பது ஒழுங்கின் அளவுகோலாக ஆன ஓர் உலகின் துணைப்பொருள் அது. விடுதலைக்குப் பின் 1948 இல் தேசிய மாணவர் படை தோன்றியபோது இவ்வொழுங்கு கல்லூரிகளுக்கும் வந்தது. அணிவகுப்புக்கு முதல்நாள் இரவு கொளுவியைப் பிராஸோ போட்டுத் தேய்த்த நினைவு இல்லாத பழைய மாணவர் படையினர் அரியர்.

அதன் செயல்முறை எளிது. அம்மோனியா செம்புடன் சேர்ந்து கரையக்கூடிய சேர்மமாகிறது. உடனிருக்கும் நுண்துகள் படிவை உராய்கிறது. கரைப்பான் அழுக்கெண்ணெயை எடுத்துக்கொள்கிறது. அதாவது புளியும் செங்கல் பொடியும் சேர்ந்து செய்ததை ஒரே டப்பி செய்கிறது. ஆனால் குரோமியத்தின் மீது அம்மோனியா செய்வதற்கு ஒன்றுமில்லை. அங்கே வேலை செய்வது துகளின் உராய்வு மட்டுமே. பிராஸோ தடவிய குரோமியம் சிறிது நேரம் மின்னுவது உண்மை. எண்ணெய்ப் பிசுக்கும் சாலைப்புழுதியும் போனதால் வந்த மினுக்கம் அது. அதற்குச் சோப்புநீரே போதும்.

குரோமியம் தனிமமாகக் கண்டறியப்பட்டது 1797 இல், பிரெஞ்சு வேதியியலாளர் வொக்லென் கையில். அதன் சேர்மங்கள் பலநிறம் காட்டுவதால் கிரேக்கத்தில் நிறத்தைக் குறிக்கும் சொல்லால் பெயர் வந்தது. நூற்றாண்டுக்கும் மேலாக அது சாயம், நிறமி, தோல் பதனிடுதல், எஃகுக் கலவை ஆகியவற்றுக்கே பயன்பட்டது. வண்டிகளின் பளபளப்பு அக்காலத்தில் நிக்கலுடையது. ஆலிவர் வாட்ஸ் 1916 இல் வகுத்த நிக்கல் தொட்டிக் கரைசல் இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நிக்கலுக்கு ஒரு குறை: காற்றில் மங்கி மஞ்சள் பாயும், அடிக்கடி துலக்கவேண்டும். 1920களின் நடுவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் காலின் ஃபிங்க் முதலியோர் குரோமிக் அமிலத் தொட்டியை வணிக அளவில் இயக்கக்கூடியதாக்கிய பின், நிக்கலின் மேல் ஒரு மெல்லிய குரோமியப் படலம் ஏறியது. அதை வாங்கியோருக்குச் சொல்லப்பட்ட சிறப்பே துலக்கவேண்டியதில்லை என்பதுதான். துலக்குவதிலிருந்து விடுதலை தருவதாக வந்த ஒரு பொருளுக்கு எதைப் போட்டுத் துலக்குவது என்று ஒரு நூற்றாண்டு கழித்தும் விவாதம் நடக்கிறது.

படலம் எவ்வளவு மெல்லியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அலங்காரக் குரோமியம் பொதுவாகக் கால் மைக்ரான் அளவு. தலைமுடி ஒன்றின் தடிமன் எழுபது மைக்ரான் என்று கொண்டால், அதை ஏறத்தாழ இருநூற்றெண்பது தகடாகச் சீவினால் வரும் ஒன்று. அதன் கீழே பத்து இருபது மைக்ரான் நிக்கல், சிலவற்றில் அதற்கும் கீழே செம்பு, அடியில் எஃகு. கண்ணுக்குத் தெரியும் கண்ணாடிப் பளபளப்பில் பெரும்பங்கு நிக்கலின் வழவழப்பு. குரோமியம் தருவது மங்காமையும் இலேசான நீலச்சாயலும். குரோமியம் மிகக் கடினமான உலோகம் என்பதால் அதை எதுவும் செய்துவிட முடியாது என்றொரு நம்பிக்கை உண்டு. கடினம் வேறு, தடிமன் வேறு.

தமிழகத்துக்கு இப்பளபளப்பு பெருமளவில் வந்து சேர்ந்த வழிகளில் முதன்மையானது திருவொற்றியூர். 1949 முதல் புல்லட்டுகளை இறக்குமதி செய்து விற்றுவந்த மெட்ராஸ் மோட்டார்ஸ், 1950களில் இந்தியப் படைக்கு 800 வண்டிகள் தேவைப்பட்டதைத் தொடர்ந்து, 1955 இல் இங்கிலாந்தின் ரெடிச் நிறுவனத்துடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தது. முதலில் உதிரிகளை வரவழைத்துப் பூட்டினர். 1960களின் தொடக்கத்தில் முழு வண்டியும் இங்கேயே உருவாயிற்று. அதே காலத்தில், 1961 இல், மைசூரில் ஐடியல் ஜாவா உற்பத்தியைத் தொடங்கியது. எண்ணெய்த் தொட்டியின் இருபக்கமும் குரோமியம் மின்ன, முழங்கால் படும் இடத்தில் ரப்பர் பதித்த ஜாவாவின் தோற்றத்தை அறிந்தோர் மறப்பதில்லை. திருவொற்றியூர் கடலோரம். உப்புக்காற்று நாள்முழுதும் வீசும் ஊரில் எஃகின் மேல் பூச்சிடும் தொழில் நடந்தது என்பது இவ்வரலாற்றின் சிறிய முரண்.

பூச்சும் அரிப்பும் இந்திய அறிவியலின் கவலையானதற்கும் தமிழகத்திலேயே இடம் அமைந்தது. அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்திலும் நிதியிலும், 1948 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953 இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், முலாம் தொட்டிகளையும் அரிப்பையும் ஒருசேர ஆராய்ந்தது. மண்டபத்துக் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக்காற்றிலும் நிறுத்தி ஆண்டுக்கணக்கில் அளந்தது. நாடு தழுவிய அரிப்பு வரைபடமும் அதன் பணிகளுள் ஒன்று. கடற்கரை ஊரில் ஓடும் வண்டிக்கும் ஏர்பேடு போன்ற உள்நாட்டு ஊரில் ஓடும் வண்டிக்கும் ஒரே பராமரிப்பு போதாது என்பதற்கு இத்தகைய அளவீடுகளே சான்று.

துரு எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. குரோமியம் துருப்பிடிப்பதில்லை, நிக்கலும் இல்லை. பூச்சின் நுண்துளை வழியே ஈரம் எஃகைத் தொடும்போது எஃகு துருவேறுகிறது. நாகப்பூச்சு தான் அழிந்து இரும்பைக் காக்கும். நிக்கல் குரோமியப் பூச்சோ நேர்மாறு. துளை விழுந்தவுடன் பூச்சு தப்பித்து எஃகு வேகமாக அரிபடும். மேலே காணும் குண்டூசிப் புள்ளிக்கு அடியில் துரு பரவிப் பூச்சைத் தூக்கிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் கம்பி நாரை வைத்து அழுத்தினால் துருவோடு சுற்றியுள்ள பூச்சும் உரிந்து வரும். இரண்டே கிழமையில் புள்ளி வட்டமாகும். கம்பி நாரிலிருந்து ஒடிந்து ஒட்டும் இரும்புத் துகளும் தன்பங்குக்குத் துருவேறும். (துரு எல்லாருக்கும் பகையன்று என்பதையும் இங்கே குறிப்பிடலாம். காளத்திக் கலம்காரிக் கலைஞர்கள் துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு நீரில் பல நாள் ஊறவைத்தே தம் கறுப்பு மையைப் பெறுகின்றனர்.)

கம்பி நார் வண்டியை வந்தடைந்ததற்கும் ஒரு வழித்தடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தமிழ் வீடுகளில் பித்தளையை வெளியேற்றிவிட்டு எவர்சில்வர் அமர்ந்தது. எவர்சில்வரின் மங்காமைக்குக் காரணமும் குரோமியமே. எஃகில் பதினெட்டு விழுக்காடு அளவுக்குக் கலந்து நிற்பது. அதன் மேற்பரப்பில் உருவாகும் ஆக்சைடு ஏடு, கீறினாலும் காற்றுப் பட்டவுடன் தானே மீண்டும் வளர்ந்துவிடும். எனவே சபீனா போட்டுக் கம்பி நாரால் எவ்வளவு தேய்த்தாலும் பாத்திரம் கீறலுறுமே ஒழியத் துருவேறாது. ஒரே தனிமம் வீட்டுக்கு இரு வேடத்தில் வந்தது: அடுப்படிக்கு உடலாக, வாசலில் நிற்கும் வண்டிக்குத் தோலாக. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் மின்னின. உடலுக்குப் பழகிய கை தோலையும் அவ்வாறே தேய்த்தது. ஈயக்காரரோடு போன எழுதாத விதியை நினைவூட்ட அப்போது யாரும் இல்லை. இதை அறியாமை என்று எள்ளுவது முறையன்று. தேய்த்தவர்கள் தாம் கற்ற உலோகத்துக்கு முற்றிலும் சரியானதையே செய்தார்கள்.

ஆக, எந்த மெருகுப்பொருள் என்பதற்கு முன்னால் எந்த உலோகம் என்பது முடிவாகவேண்டும். பழைய புல்லட்டில் மின்னுவன எல்லாம் குரோமியம் அல்ல. இயந்திரத்தின் பக்கமூடிகள் மெருகிட்ட அலுமினியம். மென்மையானது, சலவைச்சோடாவும் சுண்ணமும் பட்டால் கறுக்கும். காந்தம் ஒன்று போதும்: குரோமியம் பூசிய எஃகில் ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது, எவர்சில்வரின் பெரும்பாலான வகைகளிலும் ஒட்டாது. அண்மைக்கால வண்டிகளில் மின்னும் பாகங்கள் பல பிளாஸ்டிக்கின் மேல் ஏற்றிய பூச்சு, அவற்றிலும் ஒட்டாது. நிறமும் காட்டிக்கொடுக்கும். நீலச்சாயல் என்றால் குரோமியம் இருக்கிறது. இளமஞ்சள் என்றால் குரோமியம் தேய்ந்து நிக்கல் வெளிப்பட்டுவிட்டது, இனிமேல் எதைத் தடவினாலும் நீலம் திரும்பாது.

குரோமியம்தான் என்று உறுதியானால், செய்யவேண்டியது மிகக் குறைவு. சோப்புநீர், மெல்லிய துணி, உலர்த்தல், மெழுகு. பட்டறைகளில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் தூய்மையாக இருந்தால் அதுவே போதும்; முன்பு வேறெதையோ துடைத்த மணல் அதில் ஒட்டியிருந்தால் துணியே அரமாகும். துருப்புள்ளிக்கு, கசக்கிய அலுமினியத் தாளை நீரில் நனைத்து இலேசாகத் தேய்ப்பது பயன்தரும். அலுமினியம் குரோமியத்தைவிடப் பலமடங்கு மென்மையானதால் துருவை எடுக்கும், பூச்சைக் கீறாது. பிறகு எண்ணெயோ மெழுகோ இட்டு நுண்துளையை அடைக்கவேண்டும். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து ஆட்டோசோல் போன்ற குரோமியப் பசைகள் மிக நுண்ணிய துகளும் காப்பெண்ணெயும் கொண்டவை. ஆண்டுக்கு ஓரிரு முறை என்றால் தீங்கில்லை; வாரந்தோறும் என்றால் அவையும் தேய்ப்பவையே. பாத்திரப் பொடியின் பருமணலோ கடினத்தில் குரோமியத்துக்கு ஈடு கொடுப்பது. அதை வண்டிக்கருகே கொண்டுவரக்கூடாது. பீதாம்பரி பித்தளைக்கும் செம்புக்கும் உரியது. அதன் புளிப்புக்கு இங்கே வேலையே இல்லை.

ஆசிட் புட்டியைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். குளியலறை ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். முலாம் பட்டறைகளில் பழைய குரோமியத்தைக் கழற்றுவதற்குப் பயன்படுத்துவதும் இதே அமிலந்தான். துரு போகும் என்று சக்கர விளிம்பில் ஊற்றுபவர், பட்டறைக்காரர் பணம் வாங்கிக்கொண்டு செய்யும் முதல் வேலையைத் தம் வாசலில் இலவசமாகச் செய்துகொள்கிறார். அடுத்த வேலையைச் செய்யத் தொட்டி இல்லை என்பதே வேறுபாடு.

மெருகுப் பட்டறையின் இன்னொரு பொருளும் கவனத்துக்குரியது. எவர்சில்வருக்கும் குரோமியத்துக்கும் இறுதி மெருகு ஏற்றப் பஃபிங் சக்கரத்தில் தடவும் பச்சைக் கட்டி, குரோமியம் ஆக்சைடால் ஆனது. குரோமியத்தை மெருகிடக் குரோமியமே வேண்டியிருக்கிறது. அந்தப் பச்சைச் சேர்மத்தில் குரோமியம் மூவிணைதிறன் கொண்டது; கரையாது; அச்சத்துக்குரியதன்று. அச்சத்துக்குரியது முலாம் தொட்டியில் இருப்பது. அங்கே லிட்டருக்கு 250 கிராம் அளவில் குரோமிக் அமிலம் கரைந்திருக்கும். அதிலுள்ளது அறுவிணைதிறன் குரோமியம். தொட்டியில் செலுத்தும் மின்சாரத்தின் பெரும்பகுதி உலோகத்தைப் படியவைப்பதில் செல்வதில்லை. ஹைட்ரஜன் குமிழ்களாக வெளியேறுகிறது. குமிழ் உடையும்போது அமிலம் மூடுபனியாக எழும். முலாம் தொழிலாளரின் விரல்களில் ஆறாத குழிப்புண்களும் மூக்கின் இடைச்சுவரில் துளையும் நெடுங்காலமாக மருத்துவத்தில் பதிவானவை. அறுவிணைதிறன் குரோமியம் மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990 இல் உறுதியான வகையில் சேர்த்தது.

இங்கேதான் பழைய வடஆர்க்காடு மீண்டும் வருகிறது. இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் 1970களில் தோன்றிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் தொழிற்சாலை, குரோமைட்டுத் தாதுவிலிருந்து சோடியம் டைகுரோமேட் முதலியவற்றைத் தயாரித்தது. இந்தியாவின் குரோமைட்டில் ஏறத்தாழ முழுவதும் ஒடிசாவின் சுகிந்தாப் பள்ளத்தாக்கினது. தாதுவைச் சோடாச்சாம்பலோடு உயர்வெப்பத்தில் வறுத்து நீரில் கரைத்தெடுத்தால், கரையாத எச்சத்தோடு அறுவிணைதிறன் குரோமியமும் ஓரளவு தங்கிவிடும். இராணிப்பேட்டை ஆலையின் சரக்கு பெரும்பாலும் அவ்வட்டாரத்துத் தோல் பதனிடும் தொழிலுக்குச் சென்றது. புல்லட்டின் சக்கர விளிம்போடு அதை நேராக முடிச்சுப்போடுவது நேர்மையாகாது. ஆனால் முலாம் தொட்டிக்கு வேண்டிய குரோமிக் அமிலத்துக்கும் தாய்ப்பொருள் அதே சோடியம் டைகுரோமேட். எங்கே தயாரித்தாலும் எச்சமும் அதே எச்சம். 1990களின் நடுப்பகுதியில் ஆலை மூடப்பட்டபோது ஒன்றரை இலட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு திறந்தவெளியில் குவிந்து நின்றது. 2006 இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசுற்ற பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது இராணிப்பேட்டை அதில் ஒன்று. மழைக்காலத்தில் அக்குவியலிலிருந்து மஞ்சள் நீர் வடிவது பற்றிய செய்திகள் அதன் பின்னரும் பலமுறை வெளிவந்துள்ளன. கிணற்றுநீரின் மஞ்சளைத் துலக்கப் புளி இல்லை. குழாய் வழியே வேறிடத்து நீரைக் கொண்டுவரவேண்டியதாயிற்று என்பதே அவ்வூர்களின் அனுபவம்.

தொட்டியில் மூவிணைதிறன் குரோமியத்தைப் பயன்படுத்தும் முறை 1970களின் நடுப்பகுதியிலேயே வணிகத்துக்கு வந்துவிட்டது. அதன் நிறம் சற்று இருண்டது, பழைய நீலம் வரவில்லை என்பதே நெடுங்காலம் அதற்குச் சொல்லப்பட்ட குறை. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பர் முதல் குரோமியம் டிரையாக்சைடைத் தனி ஒப்புதலின்றிப் பயன்படுத்தத் தடை விதித்தது. இதற்கிடையே வண்டிகளின் சுவையும் மாறிவிட்டது. 1960 எல்லை மாற்றத்தில் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரத்துக்குச் சென்ற சத்தியவேட்டு வட்டாரத்தில், ஏர்பேட்டுக்குத் தொலைவில்லாத இடத்தில், இன்று ஹீரோ நிறுவனத்தின் ஆலை இயங்குகிறது. இக்காலத்து இருசக்கர வண்டிகளில் சக்கரம் வார்ப்பு அலுமினியம். கைப்பிடிக் குழாய் பெரும்பாலும் கறுப்பு வண்ணம். புகைக்குழல் மங்கல் கறுப்பு. துலக்குவதற்கென்று அவற்றில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அதனால் பழைய புல்லட், ஜாவாக்களின் மதிப்பு கூடியிருக்கிறது. பழைமை விரும்பிகள் முதலில் கேட்பது பூச்சு மூலப்பூச்சா, மறுபூச்சா என்பதே. மறுபூச்சு என்றால் பழையதை அமிலத்தில் கழற்றி, எஃகை மெருகிட்டு, செம்பும் நிக்கலும் ஏற்றி, மீண்டும் குரோமிக் அமிலத் தொட்டியில் இறக்கவேண்டும். மெருகிடும்போது எஃகும் சிறிது போகும். சக்கர விளிம்பில் பொறித்த தயாரிப்பாளர் முத்திரை மழுங்கும், திருமேனிகளின் கண்கோடுகள் மழுங்கியது போலவே. எனவே அவர்களுள் ஒரு சாரார் இப்போது மறுபூச்சை விரும்புவதில்லை. கைப்பிடிக் குழாயில் பலகாலம் கைபட்டுக் குரோமியம் தேய்ந்து நிக்கல் மஞ்சளாகத் தெரியும் இடத்தை அப்படியே விட்டு, மேலே மெழுகு மட்டும் தடவி வைக்கிறார்கள்.